சூடேறாத தொட்டி

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்க நிற்கும்போது சமையலறை ஜன்னல் வழியாக ஒரு வெக்கை வந்து முகத்தில் அடிக்கும். பக்கத்துக் குடியிருப்பின் ஏசி வெளிப்பெட்டி எங்கள் ஜன்னலுக்கு நேரெதிரே, இரண்டு ஆள் நீளம்கூட இல்லாத சந்துக்கு அந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது. உள்ளே யாரோ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறார்கள். அவர்கள் அறையிலிருந்து இறைத்த சூடு, அதை இறைக்கச் செலவான மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துக்கொண்டு, என் கழுத்தில் வியர்வையாக இறங்குகிறது. இதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. நகரத்தில் வாழ்கிறவன் அடுத்தவன் சமையல் வாசனையையும் சண்டையையும் வாங்கிக்கொள்வதுபோல இதையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சில நாட்களாக, குழாயைத் திறந்து தட்டை நீட்டும்போதெல்லாம் ஒரு பழைய வரி உள்ளே ஓடுகிறது. எவ்வளவு வெப்பத்தைக் கொட்டினாலும் வெப்பநிலை மாறாத பொருளுக்கு சிங்க் என்று பெயர். பொறியியல் கல்லூரியில் தெர்மோ பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி அது. ஆங்கிலத்தில் உருப்போட்டு எழுதியது, தமிழில் சொன்னால் இப்படி வரும். பரீட்சை ஹாலில் ஸ்டீம் டேபிள் புத்தகத்தைக் கொண்டுபோக அனுமதி உண்டு. மூன்று செட் மாணவர்களின் பென்சில் கோடுகளோடு எனக்கு வந்து சேர்ந்த அந்தப் புத்தகத்தை, பிட் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று சூப்பர்வைசர் உதறிப் பார்த்துவிட்டுத் தந்தார். நான் அந்த வரியை எழுதினேன். இரண்டுக்கு இரண்டு விழுந்தது. அப்படி ஒரு பொருள் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு சிங்க்குக்கு முன்னால் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டின் சிங்க்காகவும் இருந்துகொண்டு, கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாம் ஆண்டில் எங்களைக் கடலோரத்தில் இருந்த ஓர் அனல்மின் நிலையத்துக்கு ஐ.வி., அதாவது தொழிற்சாலைப் பார்வை, கூட்டிப் போனார்கள். டர்பைன் ஹாலின் இரைச்சலில் யார் என்ன சொன்னாலும் வாயசைப்புதான் தெரிந்தது. வெளியே வந்த பிறகு, காதிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே அங்கிருந்த பொறியாளர் விளக்கினார். நீராவி 540 டிகிரியில் உள்ளே போகிறது. வேலை முடித்துக் கண்டென்சருக்கு வரும்போது 45 டிகிரி சொச்சம். அங்கே கடல்நீர் ஓடும் ஆயிரக்கணக்கான குழாய்களின் மேல் பட்டு அது மறுபடி தண்ணீராகிறது. அப்படித் தண்ணீராகும் ஒவ்வொரு கிலோ நீராவியும் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கடல்நீருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. பாய்லரில் நீராவி வாங்கிக்கொண்டதில் பாதிக்கு மேல் இப்படிப் போய்விடுகிறது. மதில் ஓரமாக அகலமான கால்வாய் ஒன்று கடலை நோக்கி ஓடியது. தண்ணீரில் கைவைத்தால் குளிப்பாட்டப் பதமாக விளாவிய வெந்நீர்போல இருந்தது. என் கூட்டாளி ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், கேட்டான்: “சார், இவ்வளவு சூட்ட எதுக்கு சார் கடலுக்குக் குடுக்கணும்? அந்த ஆவிய அப்படியே பிடிச்சு திரும்ப பாய்லருக்கே அனுப்பிடலாமே?” பொறியாளர் சிரித்தார். “அனுப்பலாம் தம்பி. அப்புறம் கரன்ட் யார் குடுப்பா?” எல்லோரும் சிரித்தோம். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. அவர் சொன்னது சரியான பதில் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆனது. கூட்டாளி கேட்டது அதைவிடச் சரியான கேள்வி என்பது விளங்க இன்னும் கொஞ்சகாலம்.

அந்தக் கேள்விக்கு முதன்முதலில் ஒழுங்காகப் பதில் சொன்ன மனிதரின் பெயரை நான்கு வருடமும் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். கார்னாட் சைக்கிள், கார்னாட் என்ஜின், கார்னாட் எஃபிஷியன்சி. விடுதியில் ஒருவன் அவரைக் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கார்னாடின் சொந்தக்காரர் என்றே நம்பியிருந்தான், நாங்களும் திருத்தவில்லை. கடைசி எழுத்து பிரெஞ்சில் ஒலிக்காது, ‘கார்னோ’ என்று சொல்ல வேண்டும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முழுப்பெயர் நிக்கோலா லியோனார் சாடி கார்னோ. வீட்டிலும் வெளியிலும் சாடி. 1796 ஜூன் 1 அன்று பாரிஸில், சின்ன லுக்ஸம்பூர் அரண்மனையில் பிறந்தவர். அப்பா லசார் கார்னோ அப்போது பிரான்ஸை ஆண்ட ஐந்து இயக்குநர்களில் ஒருவர், புரட்சிப் படைகளைக் கட்டி எழுப்பியவர், அதற்கும் மேலே ஒரு கணித மூளை. அவருக்குப் பாரசீகக் கவி ஷேக் சஅதிமேல் இருந்த பிரியத்தில் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார். ஷீராஸில் புறப்பட்டுப் பாரிஸில் மெருகேறித் தமிழுக்கு வந்து சேரும்போது அந்தப் பெயர் சாடி ஆகிவிடுகிறது. நமக்கு அது ஊறுகாய் போடும் பீங்கான். பெயர்ப் பொருத்தங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. என்றாலும் இந்த ஒன்றை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்து அறிவியல் வெப்பத்தைச் சாடியில் ஊற்றிவைக்கக் கூடிய ஒரு திரவமாகத்தான் நினைத்தது. எடையில்லாத, கண்ணுக்குத் தெரியாத, ஆக்கவோ அழிக்கவோ முடியாத திரவம். அதற்கு கலோரிக் என்று பெயர். வேதியியலாளர் லவாய்ஸியே 1789இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் அதுவும் உட்கார்ந்திருந்தது. சூடான பொருள் நிரம்பிய சாடி, குளிர்ந்த பொருள் வற்றிய சாடி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால் மட்டம் மாறும், மொத்தம் மாறாது. இப்படி நினைத்த கடைசிப் பெரிய மூளைகளில் ஒன்று சாடி கார்னோவுடையது. அப்படி நினைத்துக்கொண்டே அவர் கண்டுபிடித்தது இன்னும் உடையவில்லை என்பதுதான் வேடிக்கை.

இதற்கு முன்பு அப்பாவின் நீர்ச்சக்கரத்தை ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும். லசார் 1783இல் இயந்திரங்களைப் பற்றிப் பொதுவாக ஒரு கட்டுரை எழுதினார். விழும் தண்ணீரிலிருந்து முழு வேலையையும் வாங்க இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும் என்பது அவர் வழி வந்த பாடம். தண்ணீர் சக்கரத்தின் அலகில் மோதாமல் ஏற வேண்டும். வேகம் ஏதும் மிச்சமில்லாமல் இறங்க வேண்டும். மோதினால் தெறிக்கும். தெறிக்கிற ஒவ்வொரு துளியும் சுற்ற வேண்டிய சக்கரத்தைச் சுற்றாமல் போன துளி. வெளியேறும் தண்ணீர் சலசலவென்று ஓடினால் அந்த ஓட்டமும் அப்படியே நட்டம். நல்ல சக்கரத்தின் பக்கத்தில் நின்றால் சத்தமே கேட்கக் கூடாது என்று இதைச் சொல்லிவிடலாம். மகனுக்கு நாலு வயதிருக்கும்போது நடந்ததாகத் தம்பி இப்போலித் எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. ஏரியில் பெண்கள் படகில் போகிறார்கள். கரையில் நிற்கும் முதல் கான்சல் நெப்போலியன் கல்லை விட்டெறிந்து அவர்கள்மேல் தண்ணீரைத் தெறிக்கச் செய்து விளையாடுகிறார். பொடியன் முஷ்டியை ஓங்கிக்கொண்டு போய் அவரைத் திட்டினானாம். குடும்பக் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டும். என்றாலும் தண்ணீர் தெறிப்பதைப் பார்த்தால் கோபம் வருகிற வீடு அது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். சாடி பின்னால் செய்தது இவ்வளவுதான்: அப்பாவின் சக்கரத்தில் தண்ணீர் இருந்த இடத்தில் வெப்பத்தை ஊற்றினார். உயரத்துக்குப் பதில் வெப்பநிலை. அப்படி ஊற்றியவுடன் அவருக்கு முன்னால் யாரும் கேட்டிராத ஒரு கேள்வி தானாக எழுந்துவிடுகிறது. தண்ணீர் தெறிப்பது தெரியும். வெப்பம் எங்கே தெறிக்கிறது? சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் நடுவில் வேலை ஏதும் நடக்காமல் நேராகத் தொட்டுக்கொள்ளும் இடத்தில் என்றார் அவர். தொட்டால் வெப்பம் பாய்ந்துவிடும், ஒன்றும் நகராது. நகர்ந்திருக்கக் கூடிய ஏதோ ஒன்று நகராமலே போய்விடும். சத்தம்கூட வராத தெறிப்பு.

விழுவதற்குக் கீழே ஓர் இடம் வேண்டும். சொல்லிவிட்டால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். மேட்டில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருந்தாலும் பள்ளம் இல்லாவிட்டால் சக்கரம் சுற்றாது. ஆனால் நெருப்பைப் பற்றி நாம் அப்படி நினைப்பதில்லை. நெருப்பு என்றால் நமக்கு எல்லாமே மேலேதான்: சுவாலை, புகை, கொதி, சீறல். என்ஜினைப் பார்க்கப் போகிறவன் கண் முதலில் உலை வாயில்தான் போய் நிற்கும். ஜேம்ஸ் வாட் தனியாக ஒரு கண்டென்சரை வைத்து 1769இல் காப்புரிமை வாங்கியதிலிருந்து, குளிர்விப்பது லாபம் என்று எல்லா என்ஜின்காரர்களுக்கும் தெரியும். அது லாபம் மட்டுமல்ல, நிபந்தனை என்று சொன்னவர் சாடி. சுற்றிலும் உள்ள எல்லாமே நீராவியின் சூட்டிலேயே இருந்துவிட்டால் எவ்வளவு கரியைக் கொளுத்தினாலும் ஒரு பிஸ்டனும் அசையாது. கண்டென்சர் இல்லாமல் புஸ்ஸென்று ஆவியை வெளியே விடும் என்ஜினுக்கும் ஒரு குளிர்ந்த பக்கம் உண்டு, அது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றுதான் என்று அவர் கவனமாகக் குறித்திருக்கிறார். உள்ளே வேலை செய்வது நீராவியா, சாராய ஆவியா, வெறும் காற்றா என்பதெல்லாம் அடிப்படையில் ஒரு பொருட்டே இல்லை. மேலே எவ்வளவு சூடு, கீழே எவ்வளவு குளிர் என்ற இரண்டு எண்தான் உச்சவரம்பைத் தீர்மானிக்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம் சொன்னார்: அதே அளவு இறக்கம் கீழ்ப்படிகளில் நடந்தால் மேல்படிகளில் நடப்பதைவிடக் கூடுதல் வேலை தரும். பின்னால் வந்தவர்களின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 540 டிகிரி, 45 டிகிரி என்றால் உச்சவரம்பு 61 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. மேலே பத்து டிகிரி ஏற்றினால் அரை சதவீதம்கூட முழுதாகக் கூடாது. கீழே பத்து டிகிரி இறக்கினால் ஒன்றே கால் கூடும். உலையின் ஒரு டிகிரியைவிடக் கடலின் ஒரு டிகிரிக்கு இரண்டு மடங்குக்கு மேல் மதிப்பு. ஐ.வி.யில் எங்களுக்குக் கரிக்குவியலைக் காட்டினார்கள், கன்வேயரைக் காட்டினார்கள், ஒரு நாளைக்கு எத்தனை டன் என்று சொன்னார்கள். கடலை யாரும் காட்டவில்லை. அது அங்கேயே இருந்தது.

நாங்கள் பரீட்சையில் வரைந்த, இரண்டு வளைவும் இரண்டு செங்குத்தான வளைவுமாக நாலு மூலை உள்ள படம் அவர் வரைந்ததில்லை. கிளப்பெரோன் என்ற பொறியாளர் 1834இல் வரைந்தது. சாடியின் புத்தகத்தில் அந்த வரைபடமும் இல்லை, அடிக்குறிப்புகளைத் தாண்டிக் கணக்கும் பெரிதாக இல்லை. ஓர் உருளை, அதற்குள் காற்று, மேலே பிஸ்டன். உருளையைச் சூடான பொருளின் மேல் வைக்கிறோம். காற்று விரிகிறது. விரியும்போது குளிரப் பார்க்கிறது, குளிர விடாமல் கீழேயிருந்து வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கிறது. பிறகு உருளையைத் தூக்கித் தனியே வைத்துவிடுகிறோம். வெப்பம் வர வழியில்லை. காற்று இன்னும் விரிந்து, தன் சூட்டையே செலவழித்து, கீழ்ப்பொருளின் குளிர்வரை இறங்குகிறது. இப்போது குளிர்ந்த பொருளின் மேல் வைத்து மெல்ல அமுக்குகிறோம். அமுக்கும்போது எழும் வெப்பம் கீழே வடிகிறது. கடைசியாக மறுபடி தனியே எடுத்து அமுக்க, காற்று பழைய சூட்டுக்கே வந்து நிற்கிறது. நாலு அடி, ஒரு வட்டம். இதில் எந்த இடத்திலும் சூடும் குளிரும் நேராகத் தொட்டுக்கொள்ளவில்லை, எங்கும் தெறிப்பில்லை. தெறிப்பில்லாததால் இதை அப்படியே திருப்பி ஓட்டலாம். வேலையைச் செலவழித்துக் கீழேயிருந்து மேலே வெப்பத்தை ஏற்றலாம். இதைவிடத் திறமையான ஓர் என்ஜின் இருக்குமானால் அதை வைத்து இதைப் பின்பக்கமாக ஓட்டி, இறங்கிய வெப்பத்தையெல்லாம் மேலேற்றி, மிச்ச வேலையைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம். சும்மா எதுவும் வராது. ஆகவே இதைவிடத் திறமையான என்ஜின் கிடையாது. வாதம் அவ்வளவுதான். பிரமாதமான வாதம். ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. தெறிப்பே கூடாது என்றால் உருளையும் உலையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வெப்பம் ஏற யுகம் பிடிக்கும். முழுத்திறமையோடு ஓடும் என்ஜின் நத்தையைவிட மெதுவாக, எல்லையில்லாத நிதானத்தோடு ஓடியாக வேண்டும். அதாவது ஓடாது. ஒரு பஸ்ஸையும் நகர்த்தாது, ஒரு பல்பையும் எரிய விடாது. ஓடுகிற எல்லா என்ஜினும் ஓடுவதற்காகவே கொஞ்சம் தெறிக்க விடுகிறது. இந்த இடத்தில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். அவசரப்படும் அளவுக்கு வீணாகும் என்பதை நீதிமொழியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். நம் ஆட்களுக்கு அதில் சாமர்த்தியம் உண்டு. எனக்கு அது நீதியாகப் படவில்லை. கழித்துவிட முடியாத ஒரு கணக்காகத்தான் படுகிறது.

அவர் வாழ்க்கை அந்த உருளையைப்போலத் தனியே எடுத்து வைக்கப்பட்டது என்று எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன், அது அலங்காரம். நடந்தது இதுதான். 1812இல், பதினாறு வயதில், எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். மறுவருடம் பொய்யி என்ற ஓவியர் அந்தப் பள்ளிச் சீருடையில் அவரை வரைந்தார். நாம் பாடப்புத்தகத்தில் பார்க்கும் முகம் அந்தப் பதினேழு வயதுப் பையனுடையதுதான். 1814இல் பாரிஸை நோக்கிப் படைகள் வந்தபோது சக மாணவர்களோடு வின்சென்னில் நின்று சண்டை போட்டார். நெப்போலியன் வீழ்ந்தார், லசார் நாடுகடத்தப்பட்டார், மகனின் ராணுவ உத்தியோகம் கோட்டை கோட்டையாக அலைவதில் கழிந்தது. 1819இல் தலைமைப் பணிக்கான தேர்வெழுதித் தேறி, உடனே அரைச்சம்பள விடுப்பில் பாரிஸுக்கு வந்துவிட்டார். பட்டறைகளையும் ஆலைகளையும் சுற்றிப் பார்த்தார், வயலின் வாசித்தார், கலைத்தொழில் கல்லூரியில் கிளெமானின் வேதியியல் உரைகளைக் கேட்டார். 1821இல் மாக்டபர்க் போய் அப்பாவைப் பார்த்தார். லசார் 1823இல் அங்கேயே இறந்தார். மறுவருடம் ஜூன் மாதம் நெருப்பின் உந்துசக்தி பற்றிய சிந்தனைகள் என்ற புத்தகம் வெளியானது. 118 பக்கம், 600 பிரதி, விலை மூன்று பிராங்க். துறை தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்று கையெழுத்துப் பிரதியைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஜிரார் என்ற பொறியாளர் அறிவியல் அகாதெமியில் அதை அறிமுகப்படுத்திப் பாராட்டிப் பேசினார். அதோடு சரி. எதிர்ப்பு வந்திருந்தால்கூட யாரோ படித்திருக்கிறார்கள் என்று இருந்திருக்கும். அதே ஜூன் மாதம் பெல்ஃபாஸ்டில் பிறந்த வில்லியம் தாம்ஸன் என்ற குழந்தை இருபது வயதில் பாரிஸுக்கு வந்து, கிளப்பெரோனின் கட்டுரை வழியாகச் சேதி கேள்விப்பட்டு, புத்தகக் கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டது. சாடியா, யார் அது, இப்போலித் கார்னோவின் அரசியல் புத்தகம் வேண்டுமானால் இருக்கிறது என்றார்களாம். புத்தகம் கிடைக்காமலே அந்த மனிதர் 1848இல் அதன் கருத்தை வைத்து ஒரு வெப்பநிலை அளவை அமைத்தார். தாம்ஸன் பின்னால் கெல்வின் பிரபு ஆனார். அதன் வழி வந்த அளவை நாம் கெல்வின் என்றே சொல்கிறோம்.

கலோரிக் என்று எதுவும் கிடையாது. வெப்பம் திரவமல்ல, அசைவு. வேலையாக மாறும்போது அது உண்மையாகவே செலவாகிறது, கீழே போய்ச் சேருவது மிச்சம் மட்டுமே. இது தெரிந்த பிறகு அவருடைய நீர்ச்சக்கரம் நொறுங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் சக்கரத்தில் விழும் தண்ணீர் குறைவதில்லை. ஆனால் முடிவு நொறுங்கவில்லை. 1850இல் கிளாஸியஸ் என்ற இயற்பியலாளர் அந்த முடிவை அப்படியே எடுத்து வேறு அடித்தளத்தில் நட்டுவைத்தார். தப்பான சாடியிலிருந்து சரியான ஊறுகாய் எப்படி வந்தது என்பது எனக்குத் தீராத குழப்பம். ஒரு விளக்கம் உண்டு. தெறிப்பில்லாத அந்த வட்டத்தில் மேலேயிருந்து கீழே குறையாமல் இறங்கும் ஏதோ ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அது வெப்பம் அல்ல, வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் வருவது. கிளாஸியஸ் 1865இல்தான் அதற்கு என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். பெயர் பிறப்பதற்கு நாற்பத்தொரு வருடம் முன்பே சாடி அதன் நிழலைப் பிடித்துவிட்டு அதை வெப்பம் என்று அழைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். பின்னால் வந்த நமக்கு அது ஆறுதலாக இருக்கிறது, அவருக்கு இருந்திருக்காது. ஏனென்றால் அவருக்கே சாடியின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எஞ்சிய அவருடைய குறிப்புத் தாள்களில் வெப்பம் என்பது துகள்களின் அசைவுதான் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். அதோடு நிற்காமல், ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம் 370 கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்கும் என்று கணக்கும் போடுகிறார். சரியான எண் 427. மற்றவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியதற்கே பல வருடம் முன்னால் போட்ட கணக்கு இது. தன் ஒரே புத்தகத்தின் தரை கீழே நழுவுவதைத் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, நழுவும் வேகத்தையும் அளந்து எழுதிவைத்த மனிதர்.

1832 மார்ச்சில் பாரிஸுக்குக் காலரா வந்தது. ஜூனில் சாடிக்கு முதலில் செங்காய்ச்சல், பிறகு மூளைக் கொதிப்பு. ஆகஸ்டு தொடக்கத்தில் இவ்ரியில் எஸ்கிரோல் நடத்திவந்த மனநல விடுதியில் சேர்த்தார்கள். பித்து தெளிந்தது என்றும், 24ஆம் தேதி காலராவில் இறந்தார் என்றும் அங்கத்துப் பதிவேடு சொல்கிறது. வயது முப்பத்தாறு. தொற்றுக்குப் பயந்து அவருடைய பொருள்களையும் காகிதங்களையும் எரித்துவிட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், உடலோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள் என்று சிலர். எப்படியானாலும் போனது போனது. தம்பி காப்பாற்றிய கொஞ்சம் தாள்கள் நாற்பத்தாறு வருடம் வீட்டில் கிடந்து 1878இல்தான் வெளியே வந்தன. அதற்குள் அவற்றில் இருந்த எல்லாவற்றையும் வேறு பலர் கண்டுபிடித்து, பெயரும் வாங்கிவிட்டார்கள். பின்னால் லசாரின் எச்சங்களை மாக்டபர்க்கிலிருந்து கொண்டுவந்து, நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாந்தியனில் வைத்தார்கள். இப்போலித்தின் மகன், இவர் பெயரையே சுமந்த இன்னொரு சாடி கார்னோ, பிரான்ஸின் குடியரசுத் தலைவராகி, லியோனில் கொலையுண்டு அவரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். தாத்தாவும் பேரனும் பாந்தியனில். நடுவில் வந்தவர் இவ்ரியில்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் முதல் நெருடல் அப்படியே இருக்கிறது. அந்த இரண்டு மார்க் வரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அதுவும் சாடியின் புத்தகத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது. சூடான பொருள் ஒன்று, குளிர்ந்த பொருள் ஒன்று. எவ்வளவு எடுத்தாலும் கொடுத்தாலும் இரண்டின் சூடும் மாறாது. இரண்டும் வரம்பில்லாத தேக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம் என்கிறார். வாதத்துக்காக வைத்துக்கொண்டது. அவர் காலத்தில் அது பொய்யும் அல்ல. சேன் நதிக்கு முன்னால், பாரிஸின் காற்றுக்கு முன்னால், அன்றைய என்ஜின்கள் எம்மாத்திரம்? மிகச் சிறந்த என்ஜின்கூடக் கரியின் சக்தியில் இருபதில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தவில்லை என்பதுதான் அவர் கவலை. எஞ்சிய தாள்களில் அவர் சந்தேகித்தது சாடியை. தொட்டியைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை. அவர் பிறந்த நாட்டில் 2003 கோடையிலும் 2022 கோடையிலும் ரோன், கரோன் நதிகளின் கரையில் இருக்கும் அணுமின் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. எரிபொருள் தட்டுப்பாடு காரணமல்ல. நதி சூடாகிவிட்டது. அதில் இன்னும் சூட்டை ஊற்றினால் மீனும் பாசியும் தாங்காது என்று சட்டம் போட்டிருந்த வரம்பைத் தண்ணீர் தானாகவே நெருங்கிவிட்டது. சில நிலையங்களுக்கு வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தார்கள். உலை தயாராக இருந்தது, தொட்டிதான் தயாராக இல்லை. இத்தனை காலமும் நாம் கரியை விலை கொடுத்து வாங்கினோம், குளிரைச் சும்மா எடுத்துக்கொண்டோம். கரிக்கு டன் கணக்கு உண்டு, பில் உண்டு, ஊழல் வழக்குகூட உண்டு. குளிருக்கு ஒரு ரசீது கிடையாது. அது தீர்ந்துபோகும் சரக்கு என்ற நினைப்பே நமக்குக் கிடையாது, ஏனென்றால் இரண்டுக்கு இரண்டு மார்க் வாங்கியிருக்கிறோம்.

என் கூட்டாளியின் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அந்த ஆவியை அப்படியே பாய்லருக்குத் திருப்பித் தள்ள முடியும். தள்ளுவதற்கு, டர்பைன் கொடுத்த வேலை முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு வந்த தண்ணீரை அதே சக்கரத்தை வைத்து மேட்டுக்கு இறைப்பதுபோல. பொறியாளர் சிரித்துக்கொண்டு சொன்னது அதைத்தான். ஆனால் அவன் அதை மட்டும் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கால்வாயில் கை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான். இந்தச் சூடு போய்ச் சேருகிற இடத்துக்கு என்ன ஆகும் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்திருக்க வேண்டும். அதற்கு நம் ஸ்டீம் டேபிளில் பக்கம் கிடையாது. சாடி தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எரிபொருளின் முழுச் சக்தியையும் கறந்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள், சிக்கனம் என்பது பல நிபந்தனைகளில் ஒன்றுதான், என்ஜின் பத்திரமாக இருக்க வேண்டும், உறுதியாக இருக்க வேண்டும், இடத்தையும் செலவையும் பார்க்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு தகப்பன் குரலில் முடிக்கிறார். நுனிவரை போய் எல்லையைத் தொட்டுவிட்டு வந்தவனுக்கு வாய்க்கிற நிதானம் அது. அந்த நிபந்தனைப் பட்டியலில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பெட்டி நள்ளிரவுக்கு மேல் கொஞ்ச நேரம் ஓயும். உள்ளே அறை குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது அதன் அடியிலிருந்து சன்ஷேடில் தண்ணீர் சொட்டும் சத்தம் தனியாகக் கேட்கும். சாடி திருப்பி ஓட்டிக் காட்டிய அதே வட்டம்தான் அந்தப் பெட்டிக்குள்ளும் ஓடுகிறது, தெறிப்போடு. ஜன்னல் கம்பியில் கை வைத்தால் இன்னும் சூடாக இருக்கிறது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, படுக்கையறைக் கதவையும் சாத்திவிட்டு, ரிமோட்டை எடுக்கிறேன். எங்கள் ஏசியின் வெளிப்பெட்டி யார் வீட்டு ஜன்னலைப் பார்த்திருக்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.